நிலவுக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தப் பளிச்சென்ற புள்ளி: கண்டுபிடிப்பதும் படம் எடுப்பதும்

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். மூன்றாம் பிறைக்குப் பக்கத்தில், சுற்றிலும் வேறு எந்த மீனும் தெரியாத நேரத்திலேயே பளிச்சென்று ஒன்று நின்றதே, அது என்ன? அதைப் போனில் எடுத்தால் நிலா வெள்ளைத் திட்டாகவும் அந்தப் புள்ளி இருந்தும் இல்லாமலும் வருகிறதே, எப்படி எடுப்பது? முதல் கேள்விக்குப் பதில், வெள்ளி. இரண்டாவதில் கோளாறு உங்கள் போனில் இல்லை. நன்றாக இருட்டும் வரை காத்திருக்காமல், சூரியன் மறைந்த அரை மணி நேரத்தில் எடுத்திருந்தால் அதே போனில் நல்ல படம் கிடைத்திருக்கும். இரண்டுக்கும் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்துவிட்டால் அடுத்த மாதம் நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

படத்தைப் பார்க்காமலே வெள்ளி என்று எப்படிச் சொன்னேன்? பிறையை வைத்துத்தான். வெள்ளி நம்மைவிடச் சூரியனுக்கு அருகில் சுற்றும் கோள். அதனால் பூமியிலிருந்து பார்க்கும்போது அது சூரியனை விட்டு 47 பாகைக்கு (டிகிரிக்கு) மேல் விலகவே முடியாது. நிலவோ அமாவாசையில் சூரியனோடு தொடங்கி ஒவ்வொரு திதிக்கும் 12 பாகை விலகிக்கொண்டே போகும். திதி என்பதே அந்த 12 பாகைக் கணக்குதான். திருதியை முடியும்போது 36 பாகை, சதுர்த்தி முடியும்போது 48 பாகை. ஆக, வெள்ளியும் நிலவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் அது அமாவாசைக்குப் பிறகு நான்கைந்து திதிகளுக்குள் மாலையில் நடக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த அமாவாசைக்கு முந்தைய நான்கைந்து திதிகளில், விடியற்காலையில் நடக்க வேண்டும். அஷ்டமி நிலவுக்குப் பக்கத்திலோ பௌர்ணமி நிலவுக்குப் பக்கத்திலோ எவ்வளவு பளிச்சென்று ஒன்று நின்றாலும் அது வெள்ளி கிடையாது. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் திதி போட்டிருக்கும். அதைப் பார்த்தாலே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

அப்படியானால் அரைநிலவுக்கும் முழுநிலவுக்கும் பக்கத்தில் நிற்பது யார்? பெரும்பாலும் வியாழன். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வியாழன், செவ்வாய், சனி மூன்றும் பூமியின் பாதைக்கு வெளியே சுற்றுபவை. முழுநிலவு சூரியனுக்கு நேர் எதிரில் நிற்கும். அதன் பக்கத்தில் ஒரு வெளிக்கோள் நின்றால் அதுவும் சூரியனுக்கு எதிரில்தான் நிற்கிறது, அதாவது பூமிக்கு மிக அருகில் இருக்கிறது. எனவே முழுநிலவோடு வரும் வியாழனும் செவ்வாயும் தங்கள் உச்ச ஒளியில் இருக்கும். அதே வியாழன் மெல்லிய பிறையோடு வரும்போது சூரியனுக்கு அந்தப் பக்கம், நமக்கு வெகு தொலைவில் இருக்கும், மங்கிவிடும். செவ்வாயில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். பிறையோடு வரும் செவ்வாயைப் பலர் கவனிக்கவே மாட்டார்கள். 2022 டிசம்பர் 8 ஒட்டி முழுநிலவு செவ்வாயையே மறைத்தது. வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் ஐரோப்பாவிலும் இருந்தவர்கள் பார்த்தார்கள். அப்போது செவ்வாய் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

பிரகாசத்தை எண்ணால் சொன்னால், வானியல் அளவுகோலில் எண் குறையக் குறைய ஒளி கூடும். இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் சுமார் -1.5. வியாழன் உச்சத்தில் -2.9. வெள்ளி எப்போதும் -4 வாக்கில் இருந்து, உச்சத்தில் -4.9 வரை போகும். நடைமுறையில் வியாழனைவிட வெள்ளி ஐந்தாறு மடங்கு ஒளி கூடியது. இரண்டும் ஒன்றாக நிற்கும்போது சந்தேகமே வராது. 2008 டிசம்பர் 1 மாலை வெள்ளி, வியாழன், பிறை மூன்றும் கூடியது நினைவிருக்கிறதா? ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது இரண்டு கண்ணும் சிரித்த வாயுமாகத் தெரிந்து, தெருவெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அந்த இரண்டு கண்ணில் பளிச்சென்றது வெள்ளி.

சனி இவர்களோடு போட்டிக்கு வராது. ஒரு சாதாரண பிரகாச நட்சத்திரம் போல மஞ்சளாக நிற்கும். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் போகாது. ஆகவே இரண்டாம் பிறை, மூன்றாம் பிறையோடு அடிவானத்தை ஒட்டிக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அப்புறம், கோளே இல்லாமல் நட்சத்திரமாகவும் இருக்கலாம். நிலவின் பாதையில் நான்கு பிரகாசமான நட்சத்திரங்கள் இருக்கின்றன: ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை. ரோகிணியும் கேட்டையும் சிவப்பாக இருப்பதால் செவ்வாய் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். மினுக்குகிறதா என்று பாருங்கள். நட்சத்திரம் மினுக்கும்; கோள் அநேகமாக அசையாமல் ஒளிரும். அடிவானத்துக்கு மிக அருகில் மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், அங்கே காற்றின் கலக்கத்தில் வெள்ளிகூட நிறம் மாறி மாறித் துடிக்கும். கண் முன்னால் நகர்ந்துகொண்டே போனால் அது விமானம் அல்லது செயற்கைக்கோள்.

அடுத்த சந்திப்பு எப்போது? நிலவு 27.3 நாளில் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவருகிறது. அதன் பாதை சூரியப் பாதையிலிருந்து சுமார் 5 பாகைதான் சாய்ந்திருக்கிறது, கோள்களும் அந்தச் சூரியப் பாதையை ஒட்டியே இருக்கின்றன. அதனால் நிலவு மாதம் ஒருமுறை ஒவ்வொரு கோளையும் கடந்தே ஆக வேண்டும். சில மாதம் ஐந்தாறு பாகை தள்ளிப் போகும், சில மாதம் உரசிக்கொண்டு போகும். நாள் கண்டுபிடிக்கவும் அந்தத் தினசரி நாள்காட்டியே போதும். குரு இப்போது எந்த ராசியில் இருக்கிறார் என்று குருப்பெயர்ச்சிச் செய்தியிலிருந்து எல்லோருக்கும் தெரியும். அன்றைய நட்சத்திரம் நாள்காட்டியில் இருக்கும். அந்த நட்சத்திரம் குரு இருக்கும் ராசியைச் சேர்ந்ததென்றால் அந்த இரண்டு மூன்று நாளில் நிலவு வியாழனைக் கடக்கிறது என்று பொருள். ஜாதகத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, நாள்காட்டியின் இந்த வானக் கணக்கு வேலை செய்யும். துல்லியமான நேரமும் இடைவெளியும் வேண்டுமென்றால் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் உங்கள் ஊரைப் போட்டுப் பாருங்கள்.

ஊரைப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிலவு பக்கத்தில் இருப்பதால் பார்க்கும் இடம் மாறினால் அது நிற்கும் இடமும் மாறித் தெரியும். பூமியின் இரு ஓரங்களிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட இரண்டு பாகை வித்தியாசம் வரும். நிலவின் அகலமே அரைப் பாகைதான். அதோடு, அது மணிக்கு ஒருமுறை தன் அகலத்தின் அளவு நகர்ந்துகொண்டும் இருக்கிறது. டொராண்டோவில் இருக்கும் உங்கள் அண்ணன் அனுப்பும் படமும் நீங்கள் மதுரையில் எடுக்கும் படமும் ஒரே தேதியாக இருந்தும் வேறு வேறாக இருப்பது இதனால்தான். பிறையின் சாய்வும் மாறும். தமிழ்நாடும் இலங்கையும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் மாலைப் பிறை இங்கே படகு போலக் கிடக்கும், பிப்ரவரி மார்ச்சில் அநேகமாக மட்டமாகவே. லண்டனில் அதே பிறை சாய்ந்து நிற்கும்.

சரி, படத்துக்கு வருவோம்.

கேமராவுக்கு முன் நான்கு வேறு வேறு ஒளிகள் இருக்கின்றன. சூரிய ஒளி நேரடியாக விழும் பிறை, அந்தக் கோள், வானத்தின் பின்னணி, பிறகு பிறையின் இருண்ட பகுதியில் மங்கலாகத் தெரிகிறதே, அந்தப் பூமியொளி. பூமியில் பட்ட வெயில் திரும்பிப் போய் நிலவின் இருட்டை லேசாக வெளிச்சமாக்குவது அது. லியொனார்டோ டா வின்சி 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தக் காரணத்தை எழுதி வைத்திருக்கிறார். பிறைக்கும் பூமியொளிக்கும் உள்ள ஒளி வித்தியாசம் நூற்றுக்கணக்கான மடங்கு. நன்றாக இருட்டிய பிறகு போன் கருப்பு வானத்தைப் பார்த்துவிட்டு, ஐயோ இருட்டு என்று எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே வாங்கும் ஒளியின் அளவை, ஏற்றிவிடும். பிறை வீங்கி வெள்ளை உருண்டையாவது அப்போதுதான். சூரியன் மறைந்து 20 முதல் 40 நிமிடத்துக்குள் வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். அந்த நீலத்துக்கும் பிறைக்கும் இடைவெளி குறைவு. போனின் தானியங்கி கணக்கும் ஓரளவு சரியாக வரும், கீழே மரமும் வீடும்கூடத் தெரியும். நம் ஊரில் அந்தி சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஆகவே சூரியன் மறையும்போதே மொட்டை மாடியில் தயாராக நிற்க வேண்டும், மறைந்த பிறகு ஸ்டாண்டைத் தேடக் கூடாது.

போனில் எடுப்பவர்கள் முதலில் லென்ஸை நல்ல துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் பட்ட லென்ஸில் வெள்ளிக்கு வால் முளைக்கும். நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது சில விநாடி வெளிச்சத்தைச் சேர்க்கும், பிறை கெட்டுவிடும். திரையில் நிலவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, பிறகு வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். பிறையின் விளிம்பு கூராகத் தெரியும் வரை இழுக்கலாம், வெள்ளி அவ்வளவு சீக்கிரம் மறையாது. ப்ரோ மோடு இருந்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, ஃபோகஸ் முடிவிலி, ஷட்டர் 1/60இல் தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். கையில் பிடிக்க வேண்டாம். சின்ன ட்ரைபாட் இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்து, மூன்று விநாடி டைமரில் எடுங்கள். விரல் பட்ட அதிர்விலேயே பாதிப் படங்கள் கெடுகின்றன.

ஜூம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போனின் சாதாரண லென்ஸில் 12 மெகாபிக்சல் படம் எடுத்தால் நிலவின் அகலம் சுமார் 30 பிக்சல்தான். ஐந்து மடங்கு டெலி லென்ஸ் இருந்தால் 120 பிக்சல் வாக்கில் வரும். வியாழன் தன் பெரிய அளவில் இருக்கும்போதுகூட நிலவின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்கு. ஆக, போனில் வியாழன் ஒரு பிக்சலோ மூன்று பிக்சலோதான். அதில் பட்டையும் தெரியாது, சனியில் வளையமும் தெரியாது. புள்ளி பெரிதாக வந்தால் ஒளி கூடிப்போய்ப் பரவியிருக்கிறது என்று அர்த்தம். டிஜிட்டல் ஜூமால் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. இன்னொன்று, இருட்டில் 3x, 5x என்று தொட்டாலும் பல போன்கள் டெலி லென்ஸுக்கு மாறாமல் பெரிய சென்சாரிலேயே வெட்டிக் காட்டும். டெலி லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள்; திரையில் படம் மறையவில்லை என்றால் அது வேலையே செய்யவில்லை.

சில போன்கள் நிலவை அடையாளம் கண்டுகொண்டு, கற்றுவைத்த நிலவின் விவரத்தை மேலே சேர்த்துவிடும். அந்த வசதியை அமைப்பில் அணைத்துவிடுங்கள் என்பேன். கிடைப்பது கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அன்று உங்கள் மாடியிலிருந்து தெரிந்த நிலவு அது.

படத்தில் நிலவுக்கு எதிர்ப்பக்கம் பச்சையாக ஒரு புள்ளி வந்தால் அதைக் கோள் என்று நினைக்காதீர்கள். அது லென்ஸுக்குள் நிலவே பிரதிபலித்து உண்டாகும் போலிப் புள்ளி. போனைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் போலி எதிர்த் திசையில் ஓடும். கோள் நிலவோடு சேர்ந்தே நகரும்.

தனிக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை 110ஆல் வகுத்தால் சென்சாரில் நிலவின் அகலம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் அரை மி.மீ.கூட இல்லை, 300 மி.மீ.யில் 2.7 மி.மீ. ஆனால் கோளும் நிலவும் சேர்ந்து சட்டத்துக்குள் அடங்க வேண்டுமே. ஃபுல் ஃப்ரேமில் 200 மி.மீ. லென்ஸ் சுமார் 10 பாகைக்கு 7 பாகை காட்டும். நீட்டிய கையின் முஷ்டி 10 பாகை, சுண்டுவிரல் அகலம் ஒரு பாகை. கையை நீட்டி இடைவெளியை அளந்துவிட்டு லென்ஸைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய பிறைக்கு ஐஎஸ்ஓ 200, எஃப் (லென்ஸ் திறப்பின் அளவு) 5.6, ஷட்டர் 1/60 என்று தொடங்கலாம். பூமியொளி வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 800, ஒரு விநாடி. பிறை வெளுத்துவிடும், ஆனால் நிலவு முழு உருண்டையாகத் தெரியும். எனக்கு இந்த இரண்டாவது வகைப் படம்தான் அதிகம் பிடிக்கும், வெள்ளியும் பிறையும் நிற்கும் அழகை அதுதான் கண் பார்ப்பதுபோலக் காட்டுகிறது. 200 மி.மீ.யில் ஒரு விநாடியைத் தாண்டினால் பூமி சுழல்வதால் புள்ளி கோடாக நீளத் தொடங்கும்.

முழுநிலவுக்குப் பக்கத்தில் வியாழனோ சனியோ நிற்கும்போது வேலை கடினமாகும். முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/100 என்பது பழைய சூத்திரம். வெள்ளிக்குச் சூரியன் அருகில், மேகமும் வெள்ளை. அதன் மேற்பரப்பு நிலவைவிடப் பல மடங்கு ஒளிரும். வியாழனோ சூரியனிலிருந்து பூமியைப் போல் 5.2 மடங்குத் தூரத்தில் இருக்கிறது, நிலவுக்குக் கிடைக்கும் வெயிலில் 27இல் ஒரு பங்குதான் அதற்கு. சனிக்கு 90இல் ஒரு பங்கு. நிலவுக்குச் சரியான அளவில் எடுத்தால் சனி காணாமல் போவது இதனால். அப்போது இரண்டு எக்ஸ்போஷர் எடுத்துச் சேர்ப்பதைத் தவிர வழியில்லை. சேர்ப்பதில் தப்பில்லை, ஆனால் கோளை அதன் இடத்தைவிட்டு நகர்த்தவோ பெரிதாக்கவோ கூடாது. படத்தோடு சேர்த்தது என்று எழுதிவிடுங்கள்.

நிலவு பெரிதாக, முன்னால் கோபுரத்தோடு வேண்டுமா? கோபுரத்தை விட்டுத் தூரம் போங்கள். ஒரு மீட்டர் அகலப் பொருள் 115 மீட்டர் தொலைவில் நிலவின் அளவுக்குத் தெரியும். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றால் அது ஏழெட்டு நிலவு உயரம் இருக்கும், பிறையும் வெள்ளியும் அதன் பக்கத்தில் பொருத்தமாக அமையும். கோயில் வாசலில் நின்று எடுத்தால் நிலவு கடுகாகிவிடும். மாலைச் சந்திப்புக்கு மேற்கு திறந்திருக்கும் இடம் வேண்டும். மெரினா போன்ற கிழக்குக் கடற்கரைகள் விடியற்காலைச் சந்திப்புக்கே உகந்தவை. மாதங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை தமிழ்நாட்டு வானம் நன்றாக இருக்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைமேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

10x50 பைனாகுலர் ஒன்று கிடைத்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். அதைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பார்த்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளில் இரண்டு மூன்றாவது ஒரே கோட்டில் தெரியும். கலிலியோ 1610 ஜனவரியில் பார்த்தது இவற்றைத்தான். வெள்ளி பூமிக்கு அருகில் வந்திருக்கும் வாரங்களில் அதுவும் ஒரு குட்டிப் பிறையாகத் தெரியும். பெரிய பிறையும் சிறிய பிறையும் ஒரே பார்வையில் கிடைக்கும். சூரியன் இன்னும் வானத்தில் இருக்கும்போது மட்டும் பைனாகுலரைக் கையில் எடுக்காதீர்கள், தவறி ஒரு கணம் சூரியனில் பட்டாலே பார்வை போய்விடும். பகலில் வெள்ளியைத் தேடித்தான் ஆக வேண்டும் என்றால் சூரியனை முழுதாக மறைக்கும் கட்டடத்தின் நிழலில் நின்று, வெறுங்கண்ணால் முதலில் நிலவைப் பிடியுங்கள்.

கடைசியாக, நிலவு கோளையே மறைக்கும் நாள்கள். 2023 மார்ச் 24 அப்படி ஒரு நாள். அன்று மூன்றாம் பிறை. இந்தியாவின் பல பகுதிகளில் பிறை வெள்ளியை மறைத்தது, இருட்டியபோது வெள்ளி பிறைக்குக் கீழே ஒட்டினாற்போல் நின்றது. இந்த மறைப்புகள் வெறும் வேடிக்கை அல்ல. 1977 மார்ச் 10இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோதுதான் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. பறக்கும் ஆய்வகத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழுவுக்கு அந்தக் கண்டுபிடிப்பின் பெயர் போனது; அதே நிகழ்வை நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வகத்திலிருந்தும் பதிவு செய்தார்கள்.

மறைப்பைப் படமாக அல்லாமல் வீடியோவாக எடுங்கள். வளர்பிறையில் நிலவின் இருண்ட விளிம்பு முன்னே போகும், எனவே கோள் இருட்டில் மறைந்து ஒளி விளிம்பில் வெளியே வரும். தேய்பிறையில் இது தலைகீழ். நட்சத்திரம் ஒரு நொடியில் அணைந்துவிடும். கோளுக்கு அகலம் உண்டு என்பதால் அது மெல்லத் தேய்ந்து மறையும்: வெள்ளிக்கு அரை நிமிடம் வாக்கில், வியாழனுக்கு ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆகும். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே பதிவைத் தொடங்கிவிடுங்கள். அந்த நேரத்தையும் உங்கள் ஊருக்கென்று கணக்கிட்டதாகப் பாருங்கள், சென்னைக்குச் சொன்ன நேரம் யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது.